சக்கரம் கோக்க எந்தக் கம்பி? தடித்ததும் இடைமெலிந்ததும் – ஓர் ஒப்பீடு

கடந்த சில மாதங்களில் மூன்று பேர் என்னிடம் ஏறத்தாழ ஒரே கேள்வியைக் கேட்டார்கள். ஒருவர் காட்பாடியில் படிக்கும் மாணவர். விடுமுறை நாள்களில் கியர் சைக்கிளில் ஏலகிரியின் 14 கொண்டை ஊசி வளைவுகளை ஏறி இறங்குபவர். இரண்டாமவர் அணைக்கட்டுப் பக்கத்திலிருந்து தினமும் விடியற்காலையில் இரண்டு பால் கேன்களைக் கட்டிக்கொண்டு வேலூருக்கு மிதிக்கும் பெரியவர். மூன்றாமவர் குடியாத்தத்தைச் சேர்ந்த ஆசிரியை. தந்தையார் நெசவு நூல் ஏற்றிச் சென்ற பழைய 28 அங்குல சைக்கிளை மறுபடியும் ஓடவைக்க விரும்புகிறார். மூவருக்கும் சக்கரத்தைப் பிரித்துப் புதிதாகக் கோக்க வேண்டியிருந்தது. மூவரும் எந்தக் கம்பி வாங்குவது என்பதில் தடுமாறினார்கள். பால்காரப் பெரியவர் மட்டும் தம் விடையையும் சேர்த்தே கொண்டுவந்திருந்தார்: “இருக்கிறதிலேயே தடியான போக்ஸ் கம்பியா பாத்துப் போட்டுடு தம்பி, அப்புறம் இந்தத் தொல்லையே வேணாம்.”

அந்த விடை நம்மில் பெரும்பாலோருக்கும் இயல்பாகத் தோன்றுவதுதான். எனக்கும் பல ஆண்டுகள் அப்படித்தான் தோன்றியது. தடித்த கம்பி எப்போது உதவும், எப்போது அதுவே சக்கரத்தைக் கெடுக்கும் என்பதை விளக்கினால் மற்ற வகைகளை ஒப்பிடுவது எளிதாகிவிடும் என்பதால், வகைகளைப் பட்டியலிடுவதற்கு முன் கம்பி செய்யும் வேலையைச் சற்று விரிவாகவே எழுதுகிறேன்.

எவற்றை வைத்து எடைபோடுவது

சைக்கிள் சக்கரத்தில் ஒவ்வொரு கம்பியும் முன்கூட்டியே இறுக்கி இழுக்கப்பட்ட நிலையில் இருக்கிறது. நாம் ஏறி அமர்ந்ததும், தரையைத் தொடும் இடத்தில் ரிம் மிகச் சிறிதளவு உள்வாங்குகிறது. அந்த இடத்துக்கு நேர் மேலே உள்ள இரண்டு மூன்று கம்பிகளின் இழுவிசை குறைகிறது. ஏனைய கம்பிகளில் பெரிய மாற்றம் ஏதும் இல்லை. சக்கரம் ஒரு சுற்றுச் சுற்றும்போது ஒவ்வொரு கம்பியும் ஒரு முறை தளர்ந்து மறுபடி இறுகுகிறது. 28 அங்குலச் சக்கரத்தின் சுற்றளவு ஏறத்தாழ 2.2 மீட்டர் என்பதால், நாளொன்றுக்கு 20 கிலோமீட்டர் போகிறவரின் கம்பி ஒவ்வொன்றும் அன்றைக்கு 9,000 முறை தளர்ந்து இறுகியிருக்கும். மூன்று மாதத்தில் இது 8 லட்சத்தைத் தாண்டிவிடும். கம்பி அறுவது பெரும்பாலும் ஒரே அடியில் வந்த பாரத்தால் அன்று, இந்த லட்சக்கணக்கான அசைவுகளால் உலோகம் சோர்ந்து போவதால்தான். அதனால்தான், குண்டும் குழியுமான சாலையில் தப்பிய கம்பி, நன்றாகத் தார் போட்ட சாலையில் போகும்போது திடீரென ‘டங்’ என்று அறுகிறது.

உலோகம் சோரும் இடம் பெரும்பாலும் ஹப்பின் (சக்கரத்தின் நடுக் குடத்தின்) துளையிட்ட பக்கத் தட்டுக்குள் கம்பி நுழைந்து திரும்பும் கழுத்து வளைவு. கம்பி முழுவதுமாகத் தொளதொளத்துப் போகாமல், சற்றேனும் இறுக்கத்தோடு இருக்கும் வரை அந்த வளைவு தட்டோடு ஒட்டி அமர்ந்திருக்கும். முற்றிலும் தளர்ந்துவிட்டால் வளைவு தட்டுக்குள் ஆடத் தொடங்கும். கம்பியின் மறுமுனையை ரிம்மில் பிடித்து இறுக்கும் சிறு திருகான நிப்பிளும் தானாகவே திருகிக் கழலும். அங்கிருந்து சக்கரத்தின் சீரழிவு தொடங்கும்.

இங்கேதான் கம்பியின் தடிமன் நாம் எதிர்பார்ப்பதற்கு மாறாக வேலை செய்கிறது. எஃகுக் கம்பியை இறுக்கினால் அது சிறிதளவு நீளும். 290 மி.மீ. நீளமுள்ள கம்பியை 100 கிலோ எடைக்கு நிகராக இழுத்தால், 2.3 மி.மீ. தடிமன் உள்ளது ஏறத்தாழ 0.35 மி.மீ. நீள்கிறது, 2.0 மி.மீ. தடிமன் உள்ளது 0.45 மி.மீ. நீள்கிறது, முனைகளில் 2.0, நடுவில் 1.8 மி.மீ. உள்ளது 0.55 மி.மீ.; நடுவில் 1.5 மி.மீ. உள்ளது 0.75 மி.மீ. வழக்கமான 2.0 மி.மீ. (14 கேஜ்) கம்பியின் நிப்பிளை ஒரு முழுச் சுற்றுச் சுற்றினால் அது 0.45 மி.மீ. நகரும் என்பதை இதனோடு வைத்துப் பாருங்கள். சாதாரண 2.0 மி.மீ. கம்பியின் மொத்த இறுக்கமும் நிப்பிளின் ஒரே ஒரு சுற்றுக்குள் அடங்கிவிடுகிறது. ரிம் ஒரு பள்ளத்தில் அடிபட்டு 0.3 மி.மீ. உள்வாங்கினால், 2.3 மி.மீ. கம்பியில் மிச்சம் இருக்கும் இறுக்கம் மிகச் சொற்பம். இடைமெலிந்த கம்பியிலோ பாதி இறுக்கம் இன்னும் இருக்கிறது. அதோடு, மெல்லிய கம்பி எளிதில் இசைந்துகொடுப்பதால் பாரத்தை அக்கம்பக்கத்துக் கம்பிகளும் பகிர்ந்துகொள்கின்றன.

ஆகவே, நான் கம்பியை எடைபோடும் அளவுகோல்களில் முதலிடம் இந்த இசைவுக்கு. இரண்டாவது, கழுத்து வளைவு ஹப்பின் துளையில் பொருந்தும் விதம். மூன்றாவது துரு. நான்காவதும் ஐந்தாவதும் பணத்தோடு தொடர்புடையவை: அந்தக் கம்பியைக் கோத்து இறுக்க எவ்வளவு தேர்ந்த கை வேண்டும், ஒன்று அறுந்தால் அதே நீளத்தில் இன்னொன்று நம் ஊரில் கிடைக்குமா என்பவை. எடையை நான் கடைசியில்தான் வைப்பேன். 36 கம்பிகள் உள்ள சக்கரத்தில் 2.0 மி.மீ. கம்பிக்கு ஏறத்தாழ 260 கிராம், நடுவில் 1.8 என்றால் 215 கிராம், 1.5 என்றால் 160 கிராம். மலை ஏறுபவருக்கு இந்த 100 கிராம் இனிக்கலாம். பால் கேன் கட்டுபவருக்கு அது ஒரு பொருட்டே அல்ல.

கேஜ் எண்ணைப் பற்றி ஓர் எச்சரிக்கை: எண் கூடக்கூடக் கம்பி மெலியும். 13 கேஜ் என்பது 2.3, 14 கேஜ் என்பது 2.0, 15 கேஜ் என்பது 1.8 மி.மீ. கடையில் எண்ணைச் சொல்லிக் குழம்புவதை விட மில்லிமீட்டரில் கேட்பதும், முடிந்தால் வெர்னியர் வைத்து அளப்பதும் நல்லது.

| வகை | தடிமன் (மி.மீ.; கழுத்து / நடு / மரை முனை) | இசைவு | துரு | கோக்கும் உழைப்பு | மாற்றுக் கம்பி கிடைப்பது |
|---|---|---|---|---|---|
| துத்தநாகப் பூச்சுக் கம்பி | 2.0 அல்லது 2.3 | நடுத்தரம் / குறைவு | சில ஆண்டுகளில் பிடிக்கும் | எளிது | எல்லாச் சைக்கிள் கடைகளிலும் |
| சாதா ஸ்டெயின்லெஸ் | 2.0 | நடுத்தரம் | எளிதில் பிடிக்காது | எளிது | பெரிய கடைகளில் |
| இடைமெலிந்தது | 2.0 / 1.8 / 2.0 | நன்று | எளிதில் பிடிக்காது | கவனம் வேண்டும் | வெளியூரிலிருந்து வரவழைக்க வேண்டும் |
| மிக மெலிந்தது | 2.0 / 1.5 / 2.0 | மிக நன்று | எளிதில் பிடிக்காது | தேர்ந்த கை வேண்டும் | வரவழைக்க வேண்டும் |
| கழுத்து தடித்தது | 2.3 / 2.0 அல்லது 2.3 / 1.8 / 2.0 | நடுத்தரம் / நன்று | எளிதில் பிடிக்காது | கவனம் வேண்டும் | அரிது |
| தட்டைக் கம்பி | நடுவில் 0.9 × 2.2 | மிக நன்று | எளிதில் பிடிக்காது | தனிக் கருவி வேண்டும் | அரிது |

துத்தநாகப் பூச்சுக் கம்பி

தெருமுனைச் சைக்கிள் கடையில் கட்டாகக் கட்டித் தொங்கும் கம்பி இதுவே. கார்பன் எஃகின் மேல் துத்தநாகம் பூசியது. விலை மிகக் குறைவு, எந்த நேரத்திலும் கிடைக்கும், பழைய ஹப்புகளின் துளைக்கும் பழைய நிப்பிள்களுக்கும் அளவு ஒத்துப்போகும். அரசு பள்ளி மாணவர்களுக்கு வழங்கும் விலையில்லா சைக்கிளில் ஒரு கம்பி அறுந்தால், மறுநாள் காலை பள்ளிக்குள் அதை ஓடவைக்கக் கூடிய கம்பி இது ஒன்றுதான் என்பதையும் மறந்துவிடக் கூடாது.

இதன் மறைமுகச் செலவு துருவும் சீரின்மையும். பூச்சு கீறிய இடத்தில், குறிப்பாக நிப்பிள் மரைக்குள், துரு ஏறிவிட்டால் இரண்டு மூன்று ஆண்டுகளுக்குப் பிறகு சக்கரத்தின் கோட்டம் எடுக்க முயலும்போது நிப்பிள் சுற்றாமல் கம்பியே முறுகி அறும். அப்போது ஒரு கம்பி மாற்றப் போனவர் முழுச் சக்கரத்துக்கும் கூலி கொடுக்க நேரும். ஒரே கட்டில் உள்ள கம்பிகளின் நீளம் ஒன்றுக்கொன்று ஒரு மில்லிமீட்டர் வேறுபடுவதையும் நான் பார்த்திருக்கிறேன்; ஆகவே கோப்பதற்கு முன் எல்லாவற்றையும் மேசைமேல் தட்டிச் சமப்படுத்திப் பார்ப்பது அவசியம்.

நம் பகுதிக்கே உரிய ஒரு கவலையும் உண்டு. ஆம்பூர், பேரணாம்பட்டு, வாணியம்பாடி, மேல்விசாரம் போன்ற ஊர்களில் தோல் தொழில் சார்ந்த இடங்களில் ஓடும் சைக்கிள்களில் உப்பு படிய வாய்ப்பு அதிகம். பதப்படுத்தும் முன் தோல் கெடாமல் இருக்க உப்பிடுவது வழக்கம்; அந்த உப்புநீர் சொட்டும் பாரத்தைக் கேரியரில் ஏற்றினால் துத்தநாகப் பூச்சு வெகுநாள் தாங்காது. உப்பு ஸ்டெயின்லெஸ் எஃகையும் நாளடைவில் குழி விழச் செய்யும் என்றாலும், அதற்கு வெகுகாலம் பிடிக்கும். அத்தகைய வேலைக்குப் போகும் சைக்கிளுக்கு இந்தக் கம்பியை நான் பரிந்துரைப்பதில்லை. வேறு எவருக்கும் கோக்கும் முன் நிப்பிள் மரைகளில் சிறிது எண்ணெய் தொட்டு வைத்தால் இதன் ஆயுள் நிச்சயமாகக் கூடும்.

சாதா ஸ்டெயின்லெஸ் கம்பி, 2.0 மி.மீ.

ஒரே தடிமனில் தலை முதல் மரை வரை செல்லும் இந்தக் கம்பி, 18 விழுக்காடு குரோமியமும் 8 விழுக்காடு நிக்கலும் கலந்த எஃகிலிருந்து குளிர்நிலையில் இழுத்துச் செய்யப்படுகிறது. யோசிக்க நேரமில்லாதவர்கள் கண்ணை மூடிக்கொண்டு வாங்கலாம் என்று நான் சொல்லும் கம்பி இதுதான். பெரும்பாலான அன்றாடச் சைக்கிள்களுக்கு இதற்கு மேல் எதுவும் தேவைப்படாது.

இதன் மிகப் பெரிய நன்மை பலரும் கவனிக்காத ஒன்று. கம்பி முழுவதும் ஒரே தடிமன் என்பதால், மரை போடும் இயந்திரம் வைத்திருக்கும் கடைக்காரர் நீளமான கம்பியை வேண்டிய அளவுக்கு வெட்டி மரை போட்டுக் கொடுத்துவிட முடியும். இடைமெலிந்த கம்பியை அப்படி வெட்ட முடியாது; மரைக்கென விட்ட தடித்த முனை போய்விட்டால் அந்தக் கம்பி பயன்படாது. சக்கரம் கோப்பதில் கம்பியின் நீளம் 2 மி.மீ. தவறினாலே சிக்கல் என்பதால், முதல் முறை அளந்து வாங்குகிறவருக்கு இது பெரிய பாதுகாப்பு.

கடையில் காந்தம் வைத்துச் சோதிப்பவர்கள் ஒன்றை நினைவில் வைத்துக்கொள்ள வேண்டும். ஸ்டெயின்லெஸ் பாத்திரத்தில் காந்தம் ஒட்டாது என்பதால் கம்பியிலும் ஒட்டக் கூடாது என்று எண்ணுகிறார்கள். குளிர்நிலையில் இழுத்த கம்பியில் காந்தம் இலேசாக ஒட்டும். அதை வைத்து நல்ல கம்பியைப் போலி என்று ஒதுக்கிவிடக் கூடாது. பளிச்சென்று இழுத்துப் பிடித்தால்தான் ஐயப்பட வேண்டும்.

இதன் குறை, இசைவு நடுத்தரமாக இருப்பது. சக்கரம் கோப்பவர் போதிய இறுக்கம் வைக்காமல் விட்டால், அதன் விளைவு இடைமெலிந்த கம்பியை விட இதில் விரைவாகத் தெரியும்.

இடைமெலிந்த கம்பி

இரு முனைகளும் தடித்து நடுப்பகுதி மெலிந்த கம்பியை ‘டபுள் பட்டட்’ என்பார்கள். சுவிட்சர்லாந்தின் டிடி சுவிஸ், பெல்ஜியத்தின் சாப்பிம், தைவானின் பில்லர் ஆகிய நிறுவனங்களின் பெயர்களே நம் ஊர் ஆர்வலர்களிடம் இதற்கு அதிகம் அடிபடுகின்றன. 2.0 / 1.8 / 2.0 என்னும் அளவு எல்லாரிடமும் உண்டு.

மெலிந்திருப்பதால் பலவீனமானது என்னும் எண்ணத்தை மேலே கொடுத்த கணக்கு மாற்றியிருக்கும் என நம்புகிறேன். அறும் இடங்களான கழுத்தும் மரையும் சாதாக் கம்பியின் அதே 2.0 மி.மீ. தடிமனில்தான் இருக்கின்றன. நடுப்பகுதி நீண்டுகொடுப்பதால், அந்த இரண்டு இடங்களிலும் விழும் அதிர்ச்சி குறைகிறது. காட்பாடி மாணவரின் சக்கரத்தில் முன்பு இருந்தது சாதா 2.0; ஓராண்டுக்குள் பின்சக்கரத்தின் இடப்பக்கத்தில் மூன்று கம்பிகள் அடுத்தடுத்து அறுந்தன. ‘வலப்பக்கத்தில்தானே செயின் இழுக்கிறது, இடப்பக்கம் ஏன் அறுகிறது?’ என்று அவர் கேட்டது மிகச் சரியான கேள்வி.

கியர் சைக்கிளின் பின்சக்கரத்தில் வலப்பக்கம் பல் சக்கரங்களின் அடுக்குக்கு இடம்விட வேண்டியிருப்பதால், அந்தப் பக்கத்து ஹப் தட்டு நடுவை நோக்கி ஒதுங்கியிருக்கிறது. ரிம் நடுவில் நிற்க வேண்டுமென்றால் வலப்பக்கக் கம்பிகள் மிக இறுக்கமாகவும் இடப்பக்கக் கம்பிகள் அதில் ஏறத்தாழப் பாதி இறுக்கத்தோடும் இருக்கும். இந்தப் பாதி இறுக்கக் கம்பிகள்தாம் ஒவ்வொரு பள்ளத்திலும் முற்றிலும் தளர்ந்து, கழுத்து ஆடி, சோர்ந்து அறுகின்றன. அவற்றுக்குத் தடித்த கம்பி போட்டால் நிலைமை இன்னும் மோசமாகும். நான் அவருக்குச் சொன்ன வழி: வலப்பக்கம் 2.0 / 1.8 / 2.0, இடப்பக்கம் 2.0 / 1.5 / 2.0. அதே குறைந்த இறுக்கத்திலும் மெலிந்த கம்பி அதிகம் நீண்டிருப்பதால் எளிதில் தளராது. இரு பக்கமும் நீளம் வேறு, தடிமனும் வேறு என்பதால் வாங்கும்போது தனித்தனிப் பையில் போட்டுக் குறித்து வைக்கச் சொன்னேன்.

மறைமுகச் செலவுகள் இந்த வகையில் கூடுதல். முதலாவது, முறுகல். மெல்லிய கம்பியில் நிப்பிளைச் சுற்றும்போது நிப்பிளோடு கம்பியும் சேர்ந்து முறுகும். கோட்டம் எடுத்து முடித்ததாக நினைத்துச் சாலையில் இறக்கியதும், ‘டிக், டிக்’ என்ற ஒலியோடு முறுக்கு அவிழ்ந்து சக்கரம் மீண்டும் கோணும். இதைத் தவிர்க்க, வேண்டியதை விடக் கால் சுற்று அதிகம் சுற்றி, அந்தக் கால் சுற்றைத் திருப்பி விட வேண்டும். நடுப்பகுதியில் சிறு டேப் துண்டைக் கொடிபோல ஒட்டி வைத்தால், கம்பி எவ்வளவு முறுகுகிறது என்பது கண்ணுக்கே தெரியும். 1.8 மி.மீ. கம்பியில் இந்தத் தொல்லை சிறிது, 1.5 மி.மீ. கம்பியில் பொறுமையைச் சோதிக்கும். இரண்டாவது, சாதாக் கம்பியையே கோத்துப் பழகிய மெக்கானிக்கிடம் இதைக் கொடுத்தால், கை பழகிய இறுக்கத்தில் அவர் நிறுத்திவிடக் கூடும். கேட்டுச் சொல்லி, கூடுதல் கூலியும் கொடுத்து, பக்கத்தில் இருந்து பார்ப்பதே நியாயம். மூன்றாவது, கம்பியைச் சென்னையிலிருந்தோ பெங்களூரிலிருந்தோ வரவழைப்பதால், நீளம் தவறினால் அனுப்பும் செலவும் இரண்டு வாரக் காத்திருப்பும் நம் தலையில் விழும்.

அப்படியும், கியர் சைக்கிள் வைத்திருந்து, சக்கரத்தை ஒரு முறை ஒழுங்காகக் கோத்துப் பல ஆண்டு ஓட்ட விரும்புகிறவருக்கு 2.0 / 1.8 / 2.0 கம்பியை விடப் பொருத்தமானது எனக்குத் தெரிந்து இல்லை.

கழுத்து தடித்த கம்பியும், முழுவதும் தடித்த கம்பியும்

பால்காரப் பெரியவரின் கேள்வி இங்கே வருகிறது. இரண்டு 20 லிட்டர் கேன்கள் நிறைந்தால் பால் மட்டும் 41 கிலோவைத் தாண்டும். கேனின் எடை வேறு. பெரும்பகுதியும் பின்சக்கரத்தின் மேல். இதற்குத் தடித்த கம்பி வேண்டும் என்று அவர் எண்ணியதில் வியப்பில்லை. ஆனால் ‘தடித்த கம்பி’ என்பதில் இரண்டு வேறு பொருள்கள் இருக்கின்றன. இவற்றைப் பிரித்துப் பார்க்காததால் வரும் இழப்பை நானே பட்டிருக்கிறேன்.

பல ஆண்டுகளுக்கு முன், கடைகளுக்குத் தண்ணீர் கேன் போடும் உறவினர் ஒருவருக்கு, மெல்லிய ஒற்றைச் சுவர் அலுமினிய ரிம்மில் முழுவதும் 2.3 மி.மீ. கம்பி போட்டுப் பின்சக்கரம் கோத்துக் கொடுத்தேன். இரும்புக் கிராதி போலக் கெட்டியாக இருந்தது. எனக்குப் பெருமையாகவும் இருந்தது. ஆனால் அந்த ரிம் தாங்கும் இறுக்கத்தில் அவ்வளவு தடித்த கம்பி நீளவே இல்லை. மூன்றாம் மாதம் நிப்பிள்கள் தாமாகக் கழலத் தொடங்கின. நான்காம் மாதம் கழுத்தில் கம்பிகள் அறுந்தன. இறுக்கத்தைக் கூட்டியபோது நிப்பிள் துளைகளைச் சுற்றி ரிம்மில் விரிசல் கண்டது. கம்பியை விட ரிம் விலை அதிகம் என்பதால், தடித்த கம்பியால் மிச்சம் பிடிக்க நினைத்தது இரட்டிப்பாகச் செலவானது. அதே ஹப்பில், இரட்டைச் சுவர் ரிம்மும் சாதா 2.0 ஸ்டெயின்லெஸ் கம்பியும் போட்டு, நல்ல இறுக்கத்தில் மறுபடி கோத்த சக்கரம் பின்னர் ஆண்டுக்கணக்கில் ஓடியது.

கழுத்து மட்டும் 2.3 மி.மீ. தடித்து, பிறகு மெலியும் கம்பி இதற்கு முற்றிலும் மாறானது. மரை முனை 2.0 மி.மீ. என்பதால் வழக்கமான நிப்பிளும் வழக்கமான ரிம் துளையுமே போதும். புதிய அலுமினிய ஹப்புகளின் துளை பெரும்பாலும் 2.4 முதல் 2.6 மி.மீ. வரை இருக்கும், அதில் 2.0 மி.மீ. கழுத்து சற்றே ஆடும், 2.3 மி.மீ. கழுத்து நெருக்கமாகப் பொருந்தி உட்காரும். அறுவதற்கு வாய்ப்பு அதிகமுள்ள இடத்தில் மட்டும் எஃகைச் சேர்த்து, நடுப்பகுதியின் இசைவைக் கெடுக்காமல் விட்டிருக்கிறார்கள். 2.3 / 1.8 / 2.0 என்னும் மூன்று தடிமன் கொண்ட கம்பி கனமான பாரத்தோடு நெடும்பயணம் செல்பவர்களுக்கென்றே வந்தது. டிடி சுவிஸ் நிறுவனத்தின் ‘ஆல்பைன் 3’ இந்த வகை. விலை அதிகம், நம் ஊரில் கிடைப்பது அரிது, ஒன்று அறுந்தால் ஒரே கம்பியாக வாங்குவது கடினம். பெரியவருக்கு இதை நான் சொல்லவில்லை. அவருடைய வேலை ஒரு நாளும் நிற்கக் கூடாது, மாற்றுக் கம்பி ஐந்து நிமிடத்தில் கிடைக்க வேண்டும். அவருடைய சக்கரத்துக்கு நான் சொன்னது சாதா 2.0 ஸ்டெயின்லெஸ் கம்பி, பித்தளை நிப்பிள், கழுத்தின் கீழ் சிறிய பித்தளை வாசர். பழைய எஃகு ஹப்பின் தட்டு மெல்லியது என்பதால் கம்பியின் தலைக்கும் தட்டுக்கும் இடையே இடைவெளி விழும். வாசர் அந்த இடைவெளியை நிரப்பி, கழுத்தை அசையாமல் பிடிக்கும். கம்பியின் தடிமனைக் கூட்டுவதை விட இந்தச் சிறு வாசரால் வரும் நன்மை அதிகம்.

முழுவதும் 2.3 மி.மீ. கம்பிக்கு இடமே இல்லையா என்றால், உண்டு. கனமான இரும்பு ரிம், அதற்கேற்ற பெரிய துளை ஹப், முதலிலிருந்தே அந்த அளவுக்குச் செய்த பார வண்டி என்றால், அதையே தொடர்வதுதான் முறை. துளை பெரிதாக இருக்கும் ஹப்பில் மெல்லிய கம்பியைக் கோத்தால் கழுத்து ஆடும்.

தட்டைக் கம்பி

நடுப்பகுதியைத் தட்டி 0.9 × 2.2 மி.மீ. அளவுக்குத் தட்டையாக்கிய கம்பி காற்றைக் கிழிக்கும் என்பதற்காக வாங்கப்படுகிறது. பந்தய வேகத்தில் அந்தப் பயன் உண்மையே. முறுகுவது கண்ணுக்குத் தெரிவதாலும், தனிக் கருவியால் பிடித்துக்கொள்ள முடிவதாலும் கோப்பது 1.5 மி.மீ. உருண்டைக் கம்பியை விட எளிது. ஆனால் விலை பல மடங்கு. பந்தயம் ஓட்டாதவர் அந்தப் பணத்தை நல்ல ரிம்முக்குச் செலவிடலாம் என்பது என் கருத்து.

வேலூர் வெயில் கம்பியைத் தளர்த்துமா

நம் ஊரை வெயிலூர் என்று சொல்லிச் சொல்லி, எதற்கெடுத்தாலும் வெயில்மேல் பழிபோடுவது பழக்கமாகிவிட்டது. மே மாதத்தில் 40 டிகிரியைத் தாண்டும் ஊர் என்பதால், கம்பி விரிந்து தளர்ந்துவிடும் என்று பலர் அஞ்சுகிறார்கள். வெப்பம் 20 டிகிரி கூடினால் 290 மி.மீ. ஸ்டெயின்லெஸ் கம்பி ஏறத்தாழ 0.10 மி.மீ. நீளும், அதே வெப்பத்தில் அலுமினிய ரிம்மின் ஆரம் 0.14 மி.மீ. வளரும். ரிம் சற்று அதிகம் வளர்வதால் கம்பி இறுகத்தான் செய்யும், அதுவும் மிக மிகச் சிறிதளவு. இரும்பு ரிம்மும் கார்பன் எஃகுக் கம்பியும் சேர்ந்தே விரிவதால் அங்கே மாற்றமே இல்லை. வெயிலை வைத்துக் கம்பியைத் தேர்ந்தெடுக்க வேண்டியதில்லை. டயரில் காற்று வைப்பதற்குத்தான் வெயிலைக் கணக்கில் கொள்ள வேண்டும்.

பழைய 28 அங்குலச் சைக்கிளுக்கு

குடியாத்தம் ஆசிரியையின் சைக்கிள் பழைய முறைப்படி முன்சக்கரத்தில் 32, பின்சக்கரத்தில் 40 துளைகள் கொண்டது. அவருக்கு இரண்டு வழிகள் இருந்தன: அன்று இருந்ததைப் போலவே துத்தநாகப் பூச்சுக் கம்பி, அல்லது ஸ்டெயின்லெஸ். தந்தையின் சைக்கிளைத் தந்தை வைத்திருந்த தோற்றத்திலேயே பார்க்க வேண்டும் என்பது அவர் விருப்பம். ஸ்டெயின்லெஸின் பளபளப்பு அந்த மங்கிய குரோம் ரிம்மோடு ஒட்டாது என்றார். நான் அதை மறுக்கவில்லை. வாரத்துக்கு ஒரு நாள் கடைத்தெருவுக்குப் போய் வரும் சைக்கிளுக்குத் துத்தநாகப் பூச்சுக் கம்பி தாராளமாகப் போதும். மழையில் நனைந்தால் துடைத்து வைக்கவும் அவர் தயாராக இருந்தார். ஹப் துளையை வெர்னியரால் அளந்தபோது 2.0 மி.மீ. கம்பிக்கே உரியதாக இருந்ததால் அந்த அளவையே சொன்னேன். பழைய கம்பிகளில் நன்றாக இருப்பவற்றை மறுபடி பயன்படுத்தலாமா என்று கேட்டார். வேண்டாம் என்றேன், வெவ்வேறு காலங்களில் மூன்று கம்பிகள் அறுந்த சக்கரத்தில் மிச்சம் உள்ளவையும் அதே அளவுக்குச் சோர்ந்திருக்கும்.

வாங்கப் போகும் முன்

எந்த வகையைத் தேர்ந்தாலும் சில வேலைகள் மாறாதவை. ரிம்மில் நிப்பிள் அமரும் இடத்தின் விட்டம், ஹப் தட்டில் துளைகள் அமைந்த வட்டத்தின் விட்டம், இரு தட்டுகளும் ஹப்பின் நடுவிலிருந்து இருக்கும் தொலைவு, எத்தனை கம்பிகளைக் குறுக்காகக் கடந்து கோப்பது ஆகிய நான்கையும் அளந்து குறித்தால்தான் நீளம் கிடைக்கும். அறுந்த கம்பியை எடுத்துக்கொண்டு போய் ‘இதே போல’ என்று கேட்பது ரிம் மாறாதபோது மட்டும் செல்லும். டிஸ்க் பிரேக் உள்ள சக்கரத்தில் பிரேக் பிடிக்கும் விசை முழுவதும் கம்பிகள் வழியாகவே செல்வதால், நேராகக் கோப்பதை விட்டு மூன்று குறுக்காகவே கோக்க வேண்டும். அலுமினிய நிப்பிளை விடப் பித்தளை நிப்பிள் சில கிராம் கனம். ஆனால் ஆண்டுகள் கழித்தும் சுற்றக் கூடியது அதுதான்.

கோத்து முடித்ததும், ஒரே பக்கத்தில் இணையாகச் செல்லும் கம்பிகளை இரண்டிரண்டாகக் கையுறை போட்டுப் பலமாக நெருக்கிப் பிடித்து விட வேண்டும். கழுத்து வளைவுகள் தட்டோடு படிந்து, செய்யும்போதே கம்பியில் தங்கிவிட்ட உள் இறுக்கம் தளர்வதற்கு இது தேவை. இதைச் செய்யாத சக்கரத்தில் விலை உயர்ந்த கம்பியும் சீக்கிரம் அறும்; செய்த சக்கரத்தில் மலிவான கம்பியும் நீடிக்கும். மெக்கானிக்கிடம் கொடுப்பவர்கள் இதை மறக்காமல் கேளுங்கள். ஒரு வாரம் ஓட்டிய பிறகு மறுபடி கொண்டுபோய் இறுக்கத்தைச் சரிபார்க்கச் சொல்லுங்கள்.

காட்பாடி மாணவர் இப்போது வலப்பக்க நீளத்தில் இரண்டு, இடப்பக்க நீளத்தில் இரண்டு, முன்சக்கரத்துக்கு இரண்டு என ஆறு கம்பிகளை நிப்பிளோடு சேர்த்து டேப் சுற்றி, சைக்கிளின் இருக்கைக் குழாய்க்குள் போட்டு வைத்திருக்கிறார். எந்தக் கம்பி எந்தப் பக்கத்துக்கு என்பதை டேப்பின் மேல் பேனாவால் எழுதியும் வைத்திருக்கிறார்.